பவர் வீடர் வாங்கி மூன்று வெள்ளாமை: மானியப் பணம் யார் கைக்குப் போனது

களையெடுக்கும் கருவியான பவர் வீடரை மானியத்தில் வாங்கலாமா என்று எங்கள் உழவர் குழுக் கூட்டத்தில் மாசத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். நான் 2022 ஆடியில் வாங்கினேன். மூன்று பருத்தி வெள்ளாமை எடுத்தாயிற்று, நாலாவது பருத்தி காட்டில் நிற்கிறது. கருவி எப்படி ஓடுகிறது என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். வாங்கினால் கட்டுமா என்று கேட்டால் நோட்டை எடுத்துத்தான் பேச வேண்டும். ஒவ்வொரு களையெடுப்புக்கும் எத்தனை ஆள், எத்தனை லிட்டர், என்ன கூலி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எங்களுக்குப் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம். கரிசல் பூமி. பருத்தி, மக்காச்சோளம், தண்ணீர் உள்ளவர்களுக்குச் சின்ன வெங்காயம். எனக்குச் சொந்தம் 2 ஏக்கர். பக்கத்திலேயே 3 ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிறேன். அந்த நிலத்துக்காரர் திருச்சியில் இருக்கிறார். இந்த இரண்டும் மூன்றும் கடைசி வரை வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி. 7 குதிரைத்திறன் டீசல் என்ஜின், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது. எடை நூறு கிலோவுக்கு மேல். பருத்திக்கு நாங்கள் சாலுக்குச் சால் 4 அடி விடுகிறோம், அதற்கு இது சரியாகப் பொருந்துகிறது. ஓரக் கத்திகளைக் கழற்றினால் மக்காச்சோளத்துக்குள்ளும் போகும். சின்ன வெங்காயத்துக்கு ஆகவே ஆகாது, அதை யாராவது ஆகும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். ஒரு ஏக்கர் பருத்தி ஓட்ட இரண்டு மணி நேரம், ஏறக்குறைய 2 லிட்டர் டீசல்.

மண் பதம் பார்த்துத்தான் இறக்க வேண்டும். கரிசல் ஈரமாக இருக்கும்போது இறக்கினால் பத்து அடிக்குள் கத்தி நடுவே மண் உருண்டு களிமண் பந்து மாதிரி ஆகிவிடும். என்ஜினை அணைத்து, கருவியைச் சாய்த்து, பழைய அரிவாளால் ஒவ்வொரு கத்தியாகச் சுரண்டி எடுக்க அரைமணி ஆகும். என்ஜின் ஓடும்போது குச்சி விட்டு எடுக்கலாம் என்று யாரும் கை வைக்காதீர்கள். ரிவர்ஸ் போடும்போதும் காலுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும். அதனால் நான் வரப்பு ஓரத்தில் ரிவர்ஸே போட விடுவதில்லை, தூக்கித்தான் திருப்பச் சொல்வேன்.

சாரணை, பார்த்தீனியம் எல்லாம் நன்றாகப் போகிறது. கோரையும் அருகும் போகவில்லை. கோரைக் கிழங்கைக் கத்தி வெட்டி நாலு பக்கமும் இறைக்கிறது, அடுத்த மழைக்கு முன்பைவிட அதிகமாக முளைக்கிறது. கையால் கொத்தும் பெண்கள் கிழங்கோடு பெயர்த்து வரப்பில் போடுவார்கள். அந்த வேலை இந்தக் கருவிக்குத் தெரியாது. செடிக்கும் செடிக்கும் நடுவே உள்ள களைக்கும் ஆள்தான் வேண்டும். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் பருத்தி கிளை விட்டுவிட்டால் உள்ளே விடவே கூடாது, பூவும், சப்பை என்கிற மொட்டும் உதிர்ந்துவிடும்.

நானே ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடி என் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. எவ்வளவு இறக்கி வைத்தாலும் ஆண்களுக்குச் செய்த உயரம்தான். ஒரு மணி நேரம் பிடித்தால் ராத்திரி சோறு பிசையக் கை மரத்துப்போகிறது. அதனால் அக்கா மகன்தான் ஓட்டுகிறான், ஒரு நாளைக்கு 800 ரூபாய். பெண் விவசாயி என்பதற்காக எனக்கு 50 சதவீத மானியம் கொடுத்தார்கள். அந்தப் பெண் பிடித்து ஓட்டக்கூடிய கருவிதானா என்று மானியக் கருவிகளுக்குப் பட்டியல் போட்டவர்கள் யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

இனி விலை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சத் தொகைக்கு உட்பட்டு. சிட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாம் கொடுத்தேன். கருவியின் பட்டியல் விலை 1,20,000 ரூபாய். முழுப் பணத்தையும் முதலில் நான் கட்ட வேண்டும், மானியம் 60,000 பிறகு என் கணக்கில் ஏறும். கையில் 50,000 இருந்தது. மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து 70,000 வாங்கினேன். மானியம் ஏற ஐந்து மாதம் ஆனது. அதுவரை வட்டி 2,600 ரூபாய் கட்டினேன்.

அந்த ஐந்து மாதத்தில்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஆத்தூர் பக்கம் ஒரு கடையில், மானியம் இல்லாமல் ரொக்கத்துக்கு, அதே குதிரைத்திறன், அதே மாதிரி கியர்பாக்ஸ் உள்ள கருவி 84,000 ரூபாய். வேறு கம்பெனிதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பெயிண்ட் தவிர வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, எங்கள் ஊர் மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. நான் வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். "பரிசோதனைச் சான்று வாங்கின மிசினும்மா இது, சர்வீஸ் இருக்கு, பேப்பர் வேலை இருக்கு, அதெல்லாம் சும்மா வருமா" என்றார். சான்று பெற்ற கருவிக்குத்தான் மானியம் என்பது உண்மை. பேப்பர் வேலையும் உண்மை. அதற்கு 36,000 ரூபாயா என்பதுதான் என் கேள்வி.

கூட்டிப் பார்த்தேன். அரசாங்கம் எனக்காக எடுத்து வைத்தது 60,000. மானியமே இல்லாவிட்டால் நான் 84,000 கொடுத்து வாங்கியிருப்பேன். இப்போது வட்டியோடு சேர்த்து 62,600 ஆகியிருக்கிறது. ஆக எனக்கு மிச்சம் 21,400. பாக்கி 38,600 ரூபாயில் 36,000 விற்றவர் பக்கமும் செய்தவர் பக்கமும் போய்விட்டது, 2,600 அடகு பிடித்த இடத்துக்கு. மானியம் என் பெயரில், மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வேறு ஆட்களுக்கு.

இது வாங்கும்போது ஒரு தடவை நடந்தது. வருஷா வருஷம் நடப்பது வேறு.

2023 புரட்டாசிக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். கருவி இல்லாமல் ஒரு ஏக்கருக்கு ஒரு களையெடுப்புக்குப் பத்துப் பெண்கள், ஆளுக்கு 250 ரூபாய், மொத்தம் 2,500. கருவி விட்டால் டீசல் 185, ஓட்டுகிறவன் கூலியில் ஏக்கருக்கு 300, செடி நடுவே கொத்த மூன்று பெண்கள் 750. மொத்தம் 1,235. மிச்சம் 1,265. ஐந்து ஏக்கர், இரண்டு களை, ஆக 12,650 ரூபாய். கத்தி மாற்றியது, பெல்ட், ஆயில், ஒரு தடவை கிளட்ச் வயர் எல்லாம் 3,650. கடைசியில் நின்றது 9,000 ரூபாய்.

அந்த 9,000 எங்கிருந்து வந்தது? ஏக்கருக்கு ஏழு பெண்கள் குறைந்தார்கள். ஐந்து ஏக்கருக்கு இரண்டு களைக்கு எழுபது ஆள்கூலி, 17,500 ரூபாய். அது முன்பு களையெடுக்கும் பெண்கள் இருக்கிற எங்கள் ஊர்த் தெற்குத் தெருவுக்குப் போன பணம். இப்போது அதில் கொஞ்சம் பெட்ரோல் பங்குக்கு, கொஞ்சம் உதிரிபாகக் கடைக்கு, கொஞ்சம் என் அக்கா மகனுக்கு, மீதி எனக்கு.

ஆவணியில் விதைப்போம். முதல் களை புரட்டாசி, இரண்டாம் களை ஐப்பசி. தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கையில் காசு வருவது இந்தக் களைக்கூலியில்தான். ஆள் கூட்டி வருகிற அக்கா ஒருத்தர், இருபது வருஷமாக எங்கள் காட்டுக்கு வந்தவர். நானும் கல்யாணமான புதிதில் அவர் கூடத்தான் களைக்கொத்து பிடித்து வரிசையில் நின்றேன். கருவி வந்து இறங்கின மறுநாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாக்கா என்றேன், வரவில்லை. கருவியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கத்தியை விரலால் தொட்டார். "நல்லாத்தான் இருக்கு. அப்ப நாங்க வேற காடு பாத்துக்கிறோம்மா. தீவாளிக்குப் புள்ளைங்களுக்குத் துணி எடுக்கோணுமே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021-ல் மழை விட்டு விட்டுப் பெய்த ஐப்பசியில் எனக்கு ஒன்பது நாள் ஆளே கிடைக்கவில்லை. எல்லாக் காட்டிலும் ஒரே வாரத்தில் களை, எல்லாருக்கும் அதே பெண்கள்தான் வேண்டும். அந்த வருஷம் களை பருத்தியை மூடிவிட்டது. கருவி வாங்கியதே அதனால்தான். நாள் தவறாமல் களை எடுக்க முடிகிறது என்பது இந்தக் கருவியின் பெரிய பலம், அதை ரூபாயில் எழுத எனக்குத் தெரியவில்லை.

கூலி குறைந்துவிட்டதா என்றால் இல்லை. 250 இப்போது 300 ஆகியிருக்கிறது. குறைந்தது வேலை நாள்தான். அக்காவின் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், இப்போது ஐந்து பேர். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கும், பெரம்பலூரில் துணிக்கடைக்கும், திருப்பூருக்கும் போய்விட்டார்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 2024-25-ல் 319 ரூபாய். அந்த வேலை கிடைக்கிற நாளில் நாங்கள் கொடுக்கும் 300-க்கு வெயிலில் குனிந்து நிற்க யார் வருவார்கள்? ஒருத்தியின் தினக்கூலியை மட்டும் பார்த்துக் கூலி ஏறிவிட்டது என்று பேசுகிறவர்கள், அவள் வருஷத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தாள் என்றும் கேட்க வேண்டும்.

மானியத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. நல்ல காரியம். ஆனால் சிறு விவசாயி என்று சான்று வாங்கச் சிட்டா வேண்டும். அக்காவுக்கும் அவர் கூட்டத்துக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. களையெடுப்பில் கைதேர்ந்தவர்கள் அவர்கள்தான். களையெடுக்கும் கருவிக்கான மானியத்தில் அவர்கள் பெயர் எழுத இடமில்லை. ஐந்து பேரும் சேர்ந்து இந்தக் கருவியை வாங்கி வாடகைக்கு ஓட்டியிருந்தால், எழுபது ஆள்கூலி போன இடத்தில் கருவி வாடகையாவது அவர்கள் கைக்கு வந்திருக்கும்.

இப்போது என் 9,000 ரூபாய்க்கு வருகிறேன். அதுவும் என்னிடம் தங்கவில்லை.

குத்தகை நிலத்துக்கு ஏக்கருக்கு 10,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். சித்திரையில் பேசுவோம், வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. 2023 சித்திரையில் நிலத்துக்காரர் குலதெய்வம் கும்பிட வந்தவர் காட்டைப் பார்க்க வந்தார். கொட்டகையில் கருவி நின்றது. "ஏம்மா, கெவர்மெண்ட்ல மிசின் வாங்கிட்டியாமே. நல்லதாப் போச்சு" என்று சந்தோஷமாகத்தான் பேசினார். போகும்போது சொன்னார், "இப்பதான் களைக்கூலி மிச்சமாவுதே. பன்னெண்டாப் போட்டுக்கலாம்மா. வடக்குத் தெருவுல ஒருத்தரு பன்னெண்டுக்குக் கேக்குறாரு." எனக்குப் பதில் வரவில்லை. "அண்ணே, அது நான் அடகு வச்சு வாங்குனது" என்றேன். "அதான் மானியம் வருதுல்ல" என்றார்.

ஏக்கருக்கு 2,000 கூடியதால் மூன்று ஏக்கருக்கு 6,000 ரூபாய் போனது. என் கையில் 3,000 நின்றது.

அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. வடக்குத் தெருக்காரர் நிஜமாகவே கேட்டிருந்தார், எனக்குத் தெரியும். அவரும் அதே வருஷம் மானியத்தில் பவர் டில்லர் எடுத்தவர். செலவு குறைந்தால் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இன்னும் ஒரு ஏக்கர் ஓட்டலாம் என்று தோன்றுகிறது. கருவி கடையில் எத்தனை வேண்டுமானாலும் வரும், நிலம் ஊரில் இருக்கிறதுதான். ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிக் கேட்டால் மிச்சம் நிலத்துக்காரர் மடியில்தான் போய் விழும். என் சொந்த 2 ஏக்கரில் களைக்கூலி மிச்சம் முழுசாக எனக்கே நின்றது, ஏனென்றால் அங்கே நிலத்துக்காரியும் நான்தான்.

இதைப் பார்த்த பிறகு ஊரில் குத்தகை பேசுவதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் காட்டுக்குக் கிழக்கே ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிணறு. ஒரே கரிசல், ஏறக்குறைய ஒரே ஆழம். ஒன்றில் இலவச மின் இணைப்பு. இன்னொன்று மனுப் போட்டுக் காத்திருக்கிறது, டீசல் என்ஜின் வைத்து இறைக்கிறார்கள். என்ஜின் கிணற்று நிலம் ஏக்கர் 14,000 குத்தகை. கரண்டுக் கிணற்று நிலம் 21,000. ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு இறைக்க 70 லிட்டருக்கு மேல் டீசல் ஆகும், லிட்டர் 92 ரூபாய்க்கு மேல். பெருக்கிப் பார்த்தால் அந்த 7,000 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கரண்டுக் கிணற்றை ஓட்டுகிற குத்தகைக்காரர் மின்வாரியத்துக்கு ஒரு பைசா கட்டுவதில்லை. நிலத்துக்காரருக்குக் கட்டுகிறார்.

இலவச மின்சாரத்தை எடுக்க வேண்டும் என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆனது அப்படிப் போராடி வந்ததுதான். சொந்தக் கிணறு வைத்துச் சொந்தமாக ஓட்டுகிற குடும்பங்கள் அதனால்தான் தலை நிமிர்ந்திருக்கின்றன. நான் சொல்வது ஓட்டுகிறவருக்கும் பட்டாக்காரருக்கும் நடுவே போகிற கோட்டைப் பற்றி. பிஎம் கிசான் பணம் வருஷம் 6,000, மூன்று தவணையாக. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு. என் 2 ஏக்கருக்காக எனக்கு வருகிறது. நிலமே இல்லாமல் நாலு ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிற எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வராது.

உர மானியம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, பெருவிரல் வைத்தால் கிடைக்கும். அந்தத் தம்பியும் அதே விலைக்குத்தான் வாங்குகிறான். வயலில் போடுகிறவன் கைக்கே வருகிறது. ஆனாலும் சித்திரையில் குத்தகை பேசும்போது உர விலை, நெல் விலை, பருத்தி விலை எல்லாம் நிலத்துக்காரர் கணக்கில் இருக்கும். அவர்களும் பேப்பர் படிக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் முடிவைச் சொல்கிறேன். சொந்த நிலம் 3 ஏக்கருக்கு மேல் இருந்து, பருத்தி, மக்காச்சோளம், கரும்பு மாதிரி இடைவெளி விட்ட பயிர் போட்டால் வாங்குங்கள். கருவிக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். கைப்பிடி உயரத்துக்கும் கோரைக்கும் அரை அரையாகக் கழித்தேன், ஈர மண்ணில் கத்தி அடைப்பதற்கு இன்னொரு அரை. விற்பனை முறைக்கு மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை. மானியத்தில் பாதி விலை என்று மனக்கணக்குப் போடாதீர்கள். மானியம் இல்லாத ரொக்க விலையை இரண்டு கடையில் விசாரித்து, அதோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வேளாண் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புதுப் பட்டியல் விலையில் அந்தக் குறைவு இருக்கிறதா என்று பில்லை வாங்கிப் பாருங்கள். டீசலா பெட்ரோலா என்று குழம்புகிறவர்களுக்கு, கரிசலுக்கு டீசல்தான். கத்தி ஒரு செட் உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சீசன் நேரத்தில் கிடைக்காது.

குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் முதலில் குத்தகையை எழுத்தில் வாங்குங்கள், பிறகு கருவி வாங்குங்கள். நான் மாற்றிச் செய்துவிட்டேன். தமிழ்நாட்டில் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லும் நியாயக் குத்தகைச் சட்டம் 1956-லும் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் ஒரு சட்டம் வந்தது. நியாயக் குத்தகை விளைச்சலில் கால்பங்கு என்பது சட்டம். எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லி நிலம் கேட்பதில்லை. சொன்னால் அடுத்த சித்திரைக்கு நிலம் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் சட்டம் பேசவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரே தொகை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நிலத்துக்காரரிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆள் கூட்டி வருகிற அக்காவிடம் இந்தப் புரட்டாசியில் போய்ப் பேசினேன். கருவியை எங்கள் காடு முடிந்த பிறகு அவர் மகன் எடுத்து வெளியில் ஓட்டட்டும், மணிக்கு 500 ரூபாய் வாடகையில் டீசல் போக மீதியை ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டோம். முதல் வாரம் பதினொரு மணி நேரம் ஓடியிருக்கிறது. நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கியர்பாக்ஸ் ஆயில் கசிந்தது, சீல் மாற்றியது 340 ரூபாய், அதையும் பாதிப் பாதியாக எழுதச் சொன்னார் அக்கா.